ஒரு இஞ்ச் ஒண்ணரை நூல்

பாத்து உக்காருங்க அண்ணாச்சி, பெட்டியில இடிச்சிராதீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, பாலிஷ்ல கீறல் விழுந்துரும். நீங்க ஜன்னல் பக்கம் போயிருங்க. நான் இந்த ஓரத்துல மடியில வச்சிக்கிட்டு இருந்துக்கிடுதேன். மேல போடச் சொல்லுதான் கண்டக்டர். மேல போட்டா ஒரு பிரேக்குல கீழ வந்துரும். ஏழு மாச உழைப்பு. மடியிலயே இருக்கட்டும்.

ஒண்ணு கேக்குதேன், தப்பா நினைக்கப்படாது. உங்களைப் பார்த்தா குடும்பஸ்தர் மாதிரித் தெரியுது, அதான் கேக்குதேன். கட்டின புருஷன் கல்லு மாதிரி உசிரோட இருக்கையில, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஒரு பொம்பளை ஆஸ்பத்திரியில போய்ப் படுத்து ஆபரேஷன் பண்ணிக்கிடலாமா? சின்ன ஆபரேஷன் இல்ல. மாருல. இடது பக்கம் முழுசா எடுத்தாச்சு. எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. எனக்கு நேத்துக் காலையிலதான் தெரியும். யாரு சொல்லி? இட்லி மாவு விக்கிற பொம்பளை சொல்லி. “அக்காவுக்கு ஆபரேஷனுக்குப் பொறவு சோறு இறங்குதா அண்ணே?”ன்னு கேக்கா. நான் மாவுச் சட்டியைக் கையில வச்சிக்கிட்டு முழிக்கேன். தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. நான் ஒருத்தன்தான் கேணப்பய.

எம்பேரு ஆவுடையப்பன். சங்கரன்கோவில். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்துட்டு போன வருஷம் ரிட்டயர் ஆனேன். வீட்ல நானும் என் வீட்டுக்காரி உலகம்மாளும்தான். பிள்ளை இல்ல. அதையும் இப்பவே சொல்லிருதேன், எப்படியும் கேப்பீங்க.

என்ன, பெட்டியவே பாக்கீங்க? கம்ப்யூட்டர். சிரிக்காதீங்க. நானே பண்ணினது. இப்ப உள்ளது மாதிரி இல்ல, நாப்பது வருஷத்துக்கு முந்தி இருந்த மாடலு. மவுஸு கிடையாது, படம் கிடையாது. இந்தா இருக்கு பாருங்க பட்டன், இதை அமுக்கினா இந்தக் கண்ணாடிக்குள்ள சிவப்பா நம்பர் வரும். ரெண்டு நம்பர் கொடுத்தா கூட்டிச் சொல்லும். நான் பாலிடெக்னிக் படிக்கையில லேப்ல இப்படி ஒண்ணு இருந்துச்சு. முப்பது பேருக்கு ஒண்ணு. என் முறை வர்றதுக்குள்ள மணி அடிச்சிரும். உங்க செல்போன்ல இதைவிட ஆயிரம் மடங்கு வரும், யாரு இல்லேங்கா? ஆனா அதை நீங்க பண்ணலயே அண்ணாச்சி.

ரிட்டயர் ஆகி மூணாவது மாசம் உள்ளே உள்ள சமாச்சாரம் பூரா முடிச்சிட்டேன். சர்க்யூட் பலகையா நாலு, அதுக்குள்ள இருநூத்துச் சொச்சம் வயரு. சாப்பாட்டு டேபிள்ல பரத்தி வச்சிருந்தேன். நம்ம வீட்ல பெரிய டேபிள் அது ஒண்ணுதான். சாம்பாரு கீம்பாரு தெறிச்சிரும்னு அவளை அடுப்படியில வச்சே சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டா. சித்திரை மாசம் ஒருநாள் மட்டும், “இதுக்கு ஒரு பெட்டி கிட்டி செய்யப்படாதா? நானும் மனுஷி மாதிரி நாற்காலியில இருந்து சாப்பிடுவேன்லா”ன்னா. கேட்டீங்களா? அவ சொல்லித்தான் பெட்டி. எனக்கு வயரா கிடந்தாலும் ஒண்ணுதான். அவளுக்காகத்தான் பெட்டியில இறங்கினேன். இதை நீங்க ஞாபகம் வச்சிக்கிடணும்.

இறங்கின பொறவு சும்மா ஒரு டப்பா அடிச்சு மூடிர முடியுமா? முதல்ல அட்டையில செஞ்சு பார்த்தேன். ஒண்ணு ரெண்டு இல்ல, ஒம்பது அட்டைப் பெட்டி. முன்பக்கம் நட்டுக்குத்தலா இருந்தா நம்பர் தெரியாது, ரொம்பச் சாஞ்சா மேல லைட்டு வெளிச்சம் அடிக்கும். எவ்வளவு சாய்க்கணும்னு பாக்குறதுக்கு அவளை நாற்காலியில உக்கார வச்சு, கண்ணு உயரத்தை டேப்பு போட்டு அளந்திருக்கேன். “அசையாம இரு”ம்பேன். அசையாம இருப்பா. அப்பவே வலி இருந்திருக்குமோ என்னமோ. ஒரு நாள் கையைத் தூக்கச் சொன்னேன், பட்டன் எட்டுதான்னு பாக்க. இடது கை பாதியில நின்னுட்டு. நான் வலது கையைத் தூக்கச் சொல்லி அளந்துக்கிட்டேன்.

ஆசாரி பேரு வேம்பு. நல்ல வேலைக்காரரு, ஆனா மில்லிமீட்டர் கில்லிமீட்டர்லாம் அவருகிட்ட ஆகாது. இஞ்சும் நூலும்தான். நூல் தெரியும்லா உங்களுக்கு? இஞ்ச்சை எட்டாப் பிரிச்சா ஒண்ணு ஒரு நூல். என் சர்க்யூட் பலகை எல்லாம் மில்லிமீட்டர். நான் பாட்டுக்கு பட்டனுக்குச் சந்து மூணு விடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மூணு மில்லிமீட்டரை மூணு நூலா வெட்டிட்டாரு மனுஷன்! பட்டன் உள்ளாற விழுந்து கிடக்கு. நல்ல தேக்கு, பெட்டியே போச்சு. அன்னையில இருந்து எந்த அளவா இருந்தாலும் நானே கணக்குப் போட்டு, நூலா மாத்தி, நோட்டுல எழுதி, தேதி போட்டு, அந்தப் பக்கத்தை அப்படியே ஆசாரிகிட்ட காட்டிருவேன். அந்தப் பழக்கம் எப்படி ஆயிட்டுன்னா, யாரு வாயில இருந்து அளவு வந்தாலும் என் கை தானா எழுதிரும். கட்டில் ஆறடின்னு டி.வி.யில விளம்பரம் வந்தாக்கூட எழுதியிருக்கேன். பின்னாடி பாத்துட்டு நானே சிரிப்பேன்.

என்ன சொன்னீங்க? சரி சரி, இருங்க, பெட்டியில இந்த ஓட்டை இருக்கு பாருங்க, அந்த விஷயத்தைச் சொல்லிருதேன். அதுதான் முக்கியம்.

ஆவணி கடைசியில வேம்பு ஆசாரி போன் போட்டாரு. “சார், நீங்க காட்டின பக்கத்துல இடது பக்கம்னு ஒரே ஒரு அளவு இருக்கே, ஒரே அளவுன்னா வட்ட ஓட்டைதானே, அது எதுக்கு? எதுக்குன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன போடுவேன்.” எனக்கு ஞாபகம் இல்ல. நோட்டை எடுத்துப் பாக்குதேன். ஆகஸ்ட் பதினாலாம் தேதி. என் கையெழுத்துதான். ‘இடது பக்கம். 3 செ.மீ. = 1 இஞ்ச் 1½ நூல். ஓரம் ஒழுங்கில்லை.’ அவ்வளவுதான் இருக்கு. நான் யோசிச்சுப் பார்த்தேன். ஸ்பீக்கருக்கா? ஸ்பீக்கர் பின்னாடி. வயரு வெளிய வரவா? அதுக்கு இவ்வளவு பெருசு எதுக்கு? ஆனா எழுதியிருக்குல்லா, எழுதினா காரணம் இல்லாம எழுதமாட்டேன். “போடுங்க ஆசாரி, ஓரம் மட்டும் பிசிறு இல்லாம உப்புத்தாள் போட்டு நல்லா இழைச்சிருங்க”ன்னேன். இந்தா, தொட்டுப் பாருங்க. இந்தப் பக்கம். எப்படி வழுவழுன்னு இருக்கு? அதுல வைக்க ஒண்ணும் இல்லாம, எறும்பு போயிரப்படாதேன்னு நான்தான் உள்ளாற ஒரு கம்பிவலை வச்சு அடைச்சேன்.

அவ ஆகஸ்ட் பதினாறு மதுரைக்குக் கிளம்பினா. தம்பி காசி வீட்டுக்கு. ஒரு பை, அவ்வளவுதான். “காசி வீட்டுக்குப் போறேன், கொஞ்ச நாள் ஆகும்”னா. நான் என்ன ஈவிரக்கம் இல்லாதவனா, தடுக்க? தம்பி வீடுதானே. “சரி, அங்க டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போனா ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு கிடைக்குதான்னு பாரு”ன்னேன். “பாக்கேன்”னா. வாசல் வரைக்கும் போயி ஒரு தடவை திரும்பிப் பார்த்தா. நான் தகட்டோட அளவு கேக்குதாளாக்கும்னு, “ஒண்ணுக்கு ரெண்டடி இருந்தாப் போதும்”னேன்.

அதுக்குப் பொறவு நாங்க பேசலன்னு நினைக்காதீங்க. டெய்லி பேசினோம். டெய்லி! நான்தான் கூப்பிடுவேன். சாயங்காலம் ஆறு மணின்னா ஆறு மணி. இன்னைக்குக் கீல் வச்சாச்சு, இன்னைக்கு முதல் கோட்டு பாலிஷ், இன்னைக்கு மூடி கொஞ்சம் பிடிக்குது. எல்லாம் சொல்லுவேன். “ம்”ம்பா. நடுவுல ஒரு பத்து நாள் காசிதான் போனை எடுத்தான். “அக்கா தூங்குது அத்தான்”பான். ஆறு மணிக்கு என்ன தூக்கம்னு கேட்டேன். “அசதி அத்தான்”னான். இருக்கும்னு விட்டுட்டேன். ஒரு புருஷன் இதுக்கு மேல என்னத்த விசாரிக்க முடியும், சொல்லுங்க.

நேத்து மாவுக்காரி சொன்னதும் சட்டியை அப்படியே போட்டுட்டுக் கிளம்பினேன். பெட்டியையும் தூக்கிட்டேன். ஏன்னு நீங்க கேக்கலாம். வேற எதைக் கொண்டுட்டுப் போக? அவ வயரா கிடக்கிற கோவத்துலதான் போயிருக்கான்னு என் மனசுல. இந்தா முடிச்சிட்டேன் பாரு, உன் டேபிள் காலின்னு சொல்லி, கையோட கூட்டிட்டு வந்துரலாம்னு போனேன். ஆபரேஷன்தான் முடிஞ்சுபோச்சே, இனி வீட்ல வச்சுப் பாத்துக்கிடலாம்லா. அப்படித்தான் நினைச்சேன்.

அவளை எனக்கு அடையாளம் தெரியல அண்ணாச்சி. தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, தோளு ஒரு பக்கம் இறங்கி, கட்டில்ல ஓரமா இருக்கா. நான் காசியோட மாமியாராக்கும்னு நினைச்சிட்டேன். “வாங்க”ன்னு சொன்னப்பத்தான் அந்தக் குரல்ல தெரிஞ்சுது. வாய்விட்டு அழுதிருப்பேன், காசி வீட்டுக்காரி மங்கை நிக்காளேன்னு அடக்கிக்கிட்டேன். “ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?”ன்னு கேட்டேன். அவ திரும்பி, “மங்கை, அண்ணனுக்குக் காப்பி கொடு”ன்னா.

சண்டை போட்டிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். அவ கோவிச்சா எப்படிச் சரிக்கட்டணும்னு முப்பது வருஷத்துல எனக்குத் தெரியாதா? கோவமே இல்ல. பக்கத்து வீட்டுக்காரன் வந்தா எப்படிப் பேசுவா, அப்படி. பஸ்ஸுல கூட்டமான்னு கேக்கா. மழை உண்டான்னு கேக்கா.

எனக்கு என்ன செய்யன்னு தெரியல. பெட்டியை ஸ்டூல்ல வச்சு, பிளக்கை மாட்டிப் போட்டுக் காட்டினேன். அம்பத்தி நாலையும் முப்பதையும் போட்டேன், அவ வயசும் கல்யாணம் ஆகி ஆன வருஷமும். எண்பத்தி நாலுன்னு சிவப்பா வந்துச்சு. “நல்லா இருக்கு”ன்னா. கையை நீட்டி மூடியைத் தடவினா. அப்படியே பக்கவாட்டுல தடவிக்கிட்டே வந்து, விரலு அந்த ஓட்டையில நின்னுட்டு.

“இது எதுக்கு?”

“தெரியல. நோட்டுல இருந்துச்சு.”

“நோட்டைக் காட்டுங்க.”

நோட்டு எப்பவும் என் சட்டைப் பையிலதான். கொடுத்தேன். பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவ வாசிச்சா. ரொம்ப நேரம் வாசிச்சா, மூணு வரிதான் இருக்கு. பொறவு மங்கையைக் கூப்பிட்டு நோட்டை அவ கையில கொடுத்து, “சத்தமா வாசி”ன்னா. அவ வாசிச்சா. “இடது பக்கம். மூணு சென்டிமீட்டர். ஓரம் ஒழுங்கில்லை.” மங்கைக்கு முகம் வெளுத்துட்டு. நோட்டைக் கட்டில்ல வச்சிட்டு உள்ளாற போயிட்டா.

அவ சொன்னா, “ஸ்கேன் எடுத்துட்டு வந்த அன்னைக்கு நீங்க டேபிள்ல இருந்தீங்க. பக்கத்துல வந்து நின்னு, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கட்டி இருக்கு, இடது பக்கம், மூணு சென்டிமீட்டர், ஓரம் ஒழுங்கா இல்ல, அதனால சந்தேகமா இருக்குன்னு. நீங்க எழுதினீங்க. எழுதிட்டு, ‘ஆசாரிகிட்ட சொல்லிருதேன், அவரு பாத்துக்கிடுவாரு’ன்னீங்க.”

நான் அப்படிச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். நான் சொல்லுற மாதிரிதான் இருக்கு. ஆனா நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருத்தன் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும்போதா சொல்லுறது? நோட்டைப் பிடுங்கிப் போட்டுட்டு, கன்னத்துல ஒண்ணு விட்டு, ‘யோவ், நான் சாகப்போறேன்’னு சொன்னா எனக்குக் கேக்காமலா போயிரும்? நான் அவகிட்ட அதைக் கேக்கல. நான் சொன்னது வேற. “எழுதியிருக்கேன்லா? அப்ப நான் கேட்டிருக்கேன்னுதானே அர்த்தம்”னேன்.

“ஆமா, எழுதியிருக்கீங்க. ஒரு எழுத்து விடல”ன்னா.

அப்ப எனக்குக் கொஞ்சம் ஆறுதலாத்தான் இருந்துச்சு. ஒத்துக்கிட்டாளேன்னு. அதுக்குப் பொறவு அவ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டா. நான் ராத்திரி முழுக்க முன்னறையிலதான் கிடந்தேன். காலையில போய் நின்னப்பவும் அப்படியேதான் படுத்திருந்தா.

எந்திரிக்காதீங்க அண்ணாச்சி, வண்டி பள்ளத்துல தூக்கிப்போடுது, பெட்டி சரிஞ்சிரும். இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. இருங்க.

காலையில காசி என்னைத் தெருவுக்குக் கூட்டிட்டு வந்தான். ஒரு வேப்பமரம் இருக்கு, அதுக்குக் கீழ நின்னு சொன்னான். “அத்தான், எடுத்தும் பிரயோஜனம் இல்ல. ஈரலுக்குப் போயிட்டு. மருந்து ஏத்துறாங்க, ஆனா டாக்டர் நம்பிக்கையாப் பேசல. தை வரைக்கும் பாக்கலாம்கிறாரு.” மரத்தைப் பிடிச்சுக்கிட்டேன். என்னமாவது கேக்கணும்லா அண்ணாச்சி, சும்மா நிக்க முடியுமா? “ஈரல்ல எவ்வளவு பெருசு?”ன்னு கேட்டேன். காசி என்னையே பார்த்தான். “அதைத் தெரிஞ்சு என்ன செய்யப்போறீங்க அத்தான்?”னான். சின்னப்பய, நான் தூக்கி வளத்தவன்.

நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்னு சொல்லிப் பார்த்தேன். “அக்காகிட்ட கேளுங்க”ன்னான் காசி. உள்ள போய் அவகிட்டயே கேட்டேன். “இங்க இடம் இல்லீங்க. பெட்டியையும் எடுத்துட்டுப் போயிருங்க, பிள்ளைங்க தட்டிவிட்டுரும்”னா. அக்கறையாத்தான் சொன்னா. மங்கைகிட்ட அடுத்த மருந்து என்னைக்குன்னு தேதி கேட்டேன். அவ பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே, “மதினி யார்கிட்டயும் சொல்லவேண்டாம்னு சொல்லியிருக்காங்க அண்ணே”ன்னா.

யார்கிட்டயும்! நான் யாரோவா அண்ணாச்சி? முப்பது வருஷம் ஒரு வீட்ல கிடந்திருக்கோம். அவ கையால சாப்பிட்டிருக்கேன், அவளுக்குக் காய்ச்சல்னா நான் ரசம் வச்சிருக்கேன். அவ இல்லாம அந்த வீட்ல நான் என்ன செய்வேன்? நல்லா இருந்த காலத்துல ஒரு நாளாவது அவளை எதிர்ல உக்கார வச்சு ஒரு பேச்சு முழுசாக் கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன். ஞாபகம் வரல. கேக்காமலா இருந்திருப்பேன்.

இனிமே அப்படி இல்ல. ராத்திரி பூரா யோசிச்சு முடிவு பண்ணிட்டேன். ஊருக்குப் போயி இந்தப் பெட்டியைப் பரண்ல ஏத்திட்டு, நாலு துணியை எடுத்துக்கிட்டு வந்து காசி வீட்டுத் திண்ணையிலயே உக்காந்துரப்போறேன். விரட்டினாலும் போகமாட்டேன். நோட்டும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். காதை மட்டும் வச்சிக்கிட்டு உக்காருவேன். அவ தண்ணின்னு முனங்கினாலும் எனக்குக் கேக்கணும். யாரு பேசினாலும் சரி, இனிமே முழுசா கேட்டுட்டுத்தான் நான் வாயைத் திறக்கிறது. என் மனசு மாறியிருக்கு அண்ணாச்சி, நிசமாத்தான் சொல்லுதேன்.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? எங்க இறங்கணும்?

கல்லுப்பட்டியா? அட, கல்லுப்பட்டி தாண்டி இருபது நிமிஷம் ஆச்சே! கிருஷ்ணன்கோவிலே வரப்போவுது. என்ன மனுஷன் நீங்க, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லப்படாதா? பெட்டியைத் தூக்கிக்கிட்டு நான் எந்திரிச்சு வழி விட்டிருப்பேன்லா.

சொன்னீங்களா?

எப்ப சொன்னீங்க? நான் பேசிக்கிட்டு இருக்கும்போதா?

ரெண்டு தடவையா, அண்ணாச்சி?